ஒரு பட்டம், ஒரு குழந்தை, 55 வருஷ வழக்கு

1900 முதல் 1906 வரை நம்ம சென்னை மாகாணத்துக்கு கவர்னரா இருந்தவர் ஆம்ப்தில் பிரபு. 1904-ல கர்சன் பிரபு விடுப்பில் போனப்போ சில மாதங்கள் இந்தியாவுக்கே தற்காலிக வைஸ்ராயா இருந்தார். 1909-ல் டோக் என்ற பாதிரியார் காந்தியைப் பத்தி எழுதின முதல் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்னுரை கொடுத்ததும் இவர்தான்.

இந்த த்ரெட் அவரைப் பத்தி இல்லை. அவர் பேரனைப் பத்தி. அந்தப் பேரன் உண்மையிலேயே பேரன்தானா என்று இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் 1922-லேர்ந்து 1976 வரை மண்டையை உடைச்சுக்கிட்டதைப் பத்தி. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல பட்டம் எப்படி கைமாறுதுன்னு பார்த்துடுவோம். இது புரியலைன்னா மீதி கதை புரியாது.

இங்கிலாந்தில் பிரபுப் பட்டங்கள் ஐந்து படி. மேலே டியூக், அப்புறம் மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியில் பாரன். (பேரன் இல்லைங்க, பாரன்.) ஆம்ப்தில் என்பது பாரன் பட்டம். ஜெர்மனியில் பிரிட்டிஷ் தூதரா இருந்த ஓடோ ரஸ்ஸலுக்கு 1881-ல் கொடுத்தது. இவர் பெட்ஃபோர்ட் டியூக் வம்சத்தின் ஒரு கிளை. டியூக் பட்டமே 1694-லேர்ந்து அந்தக் குடும்பத்தில் இருக்கு. ஓடோ 1884-ல் இறந்தார். 15 வயசு மகன் ஆலிவர் இரண்டாம் பாரன் ஆனார். நம்ம கவர்னர் அவர்தான்.

நம்ம ஊர்ல அப்பா சொத்தை உயில் எழுதி யாருக்கு வேணாலும் கொடுக்கலாம். பட்டத்தை அப்படிக் கொடுக்க முடியாது. அரசர் பட்டம் கொடுக்கும்போதே சாசனத்தில் யாருக்குப் போகணும்னு எழுதிடுவார். பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: உடலில் பிறந்த, முறைப்படி பிறந்த ஆண் வாரிசு. ரெண்டு நிபந்தனையையும் கவனிங்க. ரத்தமும் வேணும், கல்யாணமும் வேணும். தத்துப் பிள்ளைக்குக் கிடையாது. பிறந்த பிறகு அப்பா அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் கிடையாது. சொத்து எல்லாம் ஒருத்தருக்கு, பட்டம் மட்டும் வேற ஒருத்தருக்கு என்று பிரிஞ்சு போன குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இதுல கல்யாணத்துக்கு ஆவணம் இருக்கும், பதிவேடு இருக்கும், சாட்சி இருக்கும். ரத்தத்துக்கு என்ன ஆவணம்?

ஒண்ணும் கிடையாது. அதனால சட்டம் ஒரு ஊகத்தை வெச்சுக்கிச்சு. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு கணவன்தான் அப்பா. இல்லைன்னு சொல்றவர் நிரூபிக்கணும்.

இந்த ஊகத்தையும் தாண்டி ஒரு பட்டம் காணாமப் போனதுண்டு. பான்பரி ஏர்ல் பட்டம், 1626-ல் கொடுத்தது. அந்த ஏர்லுக்கு 80 வயசை ஒட்டி ஒரு மகன் பிறந்தான், நாலு வருஷம் கழிச்சு இன்னொருத்தன். 1632-ல் அவர் இறந்ததும் அந்த அம்மா சீக்கிரமே வாக்ஸ் பிரபுவைக் கட்டிக்கிட்டார். ஊர் பேசிச்சு. பேசினது மட்டுமில்ல, அந்த வாரிசுகளின் கோரிக்கையை இழுத்தடிச்சு கடைசியா 1813-ல்தான் பிரபுக்கள் சபை தள்ளுபடி பண்ணிச்சு. கிட்டத்தட்ட 180 வருஷம்! ஒரு டாக்டரா சொல்றேன், 80 வயசு ஆணுக்குக் குழந்தை பிறப்பது அபூர்வம், ஆனா நடக்கவே நடக்காத விஷயம் இல்லை. அதுக்கு மேல அந்தக் கேஸில் யாராலும் எதையும் சொல்ல முடியாது.

சரி, ஆம்ப்திலுக்கு வருவோம்.

கவர்னரின் மூத்த மகன் ஜான் ரஸ்ஸல். கப்பற்படையில் இருந்தவர், நல்ல உயரம். 1918 அக்டோபரில் கிறிஸ்டபெல் ஹார்ட் என்ற பெண்ணைக் கல்யாணம் பண்ணார். பையன் வீட்டுக்கு இது பிடிக்கலை. பையனோட அம்மா ராணி மேரிக்கு அந்தரங்கத் தோழி, அரண்மனை வட்டாரம். பொண்ணோ தனியா ஆடைக் கடை வெச்சு சம்பாதிக்கிறவள், நடனத்துக்குப் போறவள், நண்பர்களோட ஊர் சுத்துறவள். கல்யாணத்துக்கு முன்னாடியே கிறிஸ்டபெல் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: கொஞ்ச நாளைக்குக் குழந்தை வேண்டாம். ஜான் ஒத்துக்கிட்டார்.

1921 ஜூனில் தான் கர்ப்பம் என்பது கிறிஸ்டபெல்லுக்குத் தெரிய வந்தது. அதுவும் முதலில் சொன்னது டாக்டர் இல்லை, ஒரு குறி சொல்லும் பெண்மணி. அதுவரைக்கும் மாதவிலக்கு வந்துக்கிட்டு இருந்ததா நினைச்சதாக அவர் சொன்னார். இதைக் கேட்டுச் சிரிக்காதீங்க. கர்ப்பத்தில் ரத்தப்போக்கு வருவது உண்டு. அஞ்சு மாசம், ஆறு மாசம் வரை தெரியாம வயித்து வலின்னு ஓபிக்கு வர்றவங்களை எந்த அரசு மருத்துவமனை டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

1921 அக்டோபர் 15, ஆண் குழந்தை. பெயர் ஜெஃப்ரி.

ஜான் சொன்னது ஒரே வரி: எங்களுக்குள்ள உறவே நடக்கலை, இது என் குழந்தை இல்லை. விவாகரத்து வழக்கு போட்டார்.

கிறிஸ்டபெல் சொன்னது: முழுமையான உறவு நடக்கலைதான். ஆனா 1920 டிசம்பர் 18, 19 வாக்கில் மாமனார் வீட்டில் தங்கின ராத்திரி அரைகுறையான முயற்சி நடந்தது. குழந்தை அதில் உண்டானது.

இப்போ மருத்துவம் உள்ளே வருது. கர்ப்பமா இருந்தப்போ அவரைப் பரிசோதிச்ச மருத்துவர்கள், கன்னிச்சவ்வு முழுசாக் கிழியலை, முழுமையான உறவு நடந்த அடையாளம் இல்லை என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. கன்னித்தாய், அதிசயக் குழந்தை என்று பக்கம் பக்கமா எழுதினாங்க. அதுல பாருங்க, அந்த அடையாளம் ரெண்டு தரப்புக்கும் உதவாது. ஜானோட உறவு இல்லைன்னு காட்டுதுன்னா, வேற எந்த ஆணோடவும் இல்லைன்னும்தானே காட்டணும்?

உண்மையில் அது எதையுமே காட்டாது. இதை அழுத்திச் சொல்றேன். கன்னிச்சவ்வின் வடிவம் ஆளாளுக்கு வேறுபடும். சிலருக்குப் பிறப்பிலேயே இடைவெளி அதிகம், சிலருக்கு உறவுக்குப் பிறகும் கிழியாது, விளையாட்டில் கிழிவதும் உண்டு. அதை வெச்சு ஒரு பெண்ணோட வாழ்க்கையைப் பத்தி முடிவு சொல்ல எந்த அறிவியலும் இல்லை. நம்ம நாட்டில் இரு விரல் பரிசோதனை கூடாது, செய்யும் மருத்துவர் மேல நடவடிக்கை வரும் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதியாச் சொன்னது 2022-ல். கிறிஸ்டபெல்லுக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு.

உள்ளே நுழையாமலே கர்ப்பம் ஆகுமா? ஆகும். விந்து யோனி வாய்க்கு அருகில் பட்டாலே வாய்ப்பு இருக்கு, குறைவுதான், ஆனா இருக்கு. மகப்பேறு மருத்துவர்கள் இப்படிப்பட்ட கேஸ்களைப் பார்த்திருக்காங்க.

எனக்கு நெருடுற இடம் வேற. டிசம்பர் 18-லேர்ந்து அக்டோபர் 15 வரை எண்ணிப் பாருங்க. 301 நாள். கருத்தரித்த நாளிலிருந்து பிரசவம் வரை சராசரி 266 நாள். நாம பிரசவத் தேதி சொல்லும்போது கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று எண்ணுவோம், ரெண்டும் ஒண்ணுதான். அந்தக் கணக்கில் ஜெஃப்ரி 45 வாரக் குழந்தை. இன்னைக்கு 41 வாரம் தாண்டினாலே அட்மிட் பண்ணி வலி வர மருந்து வெச்சிடுவோம், 45 வாரம் வரை யாரும் விட மாட்டாங்க. அப்போ அந்த வசதி இல்லை. நீண்ட கர்ப்பங்கள் இயற்கையாப் போனது உண்மை. 1921-லயே காஸ்கில் என்ற இன்னொரு வழக்கில் 331 நாள் கழிச்சுப் பிறந்த குழந்தையை, முடியவே முடியாதுன்னு சொல்ல முடியாது என்று பர்க்கன்ஹெட் பிரபு தீர்ப்பு சொல்லியிருந்தார். 331-ஐ என்னால ஏத்துக்க முடியலை. 301? அபூர்வம். அவ்வளவுதான் சொல்வேன்.

1922 ஜூலையில் முதல் விசாரணை. ஜானுக்காக வாதாடினவர் சர் ஜான் சைமன். ஆமா, 1928-ல நம்ம ஆளுங்க கறுப்புக் கொடி காட்டி ‘சைமனே திரும்பிப் போ’ன்னு விரட்டினாங்களே, அதே சைமன். பெயர் குறிப்பிட்ட ஆண்கள் மேல தப்பில்லைன்னு ஜூரி விடுவிச்சது. யாரோ பெயர் தெரியாத ஆள் இருக்கலாமா என்பதில் ஜூரிக்குள்ள ஒத்துப்போகலை. 1923-ல் மறு விசாரணை. இந்த முறை பெயர் தெரியாத ஒருத்தனோட கிறிஸ்டபெல் தவறினார் என்று தீர்ப்பு. ஆளே யாருன்னு தெரியாது, ஆனா குற்றம் நிரூபணம்! மேல்முறையீட்டிலும் அதே முடிவு.

விவாகரத்தைத் தாண்டி இதுல என்ன போகுதுன்னு யோசிங்க. அந்தத் தீர்ப்பு நின்னா, ரெண்டு வயசுக் குழந்தை ஒருத்தன் ஊரறிய அப்பன் பேர் தெரியாதவன் ஆயிடுவான். அந்தக் காலத்தில் அந்த வார்த்தையோட எடை வேற. பட்டம் ரெண்டாவது விஷயம்.

கிறிஸ்டபெல் விடலை. பிரபுக்கள் சபை வரை போனார். அப்போ அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம். 1924-ல் தீர்ப்பு, மூணுக்கு ரெண்டு.

அவங்க மருத்துவ சாட்சியத்துக்குள்ளேயே போகலை. 1777-ல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு சொல்லி வெச்ச ஒரு விதியை எடுத்தாங்க: கல்யாண பந்தத்துக்குள் பிறந்த குழந்தையை முறையற்றதாக்கும்படி, எங்களுக்குள் உறவே இல்லை என்று கணவனோ மனைவியோ சாட்சி சொல்லக் கூடாது. அப்போ ஜான் சொன்ன சாட்சியமே செல்லாது. அதை எடுத்துட்டா வழக்கில் மிச்சம் எதுவும் இல்லை. கேஸ் க்ளோஸ். அந்த மூணு பேரில் நம்ம 331 நாள் பர்க்கன்ஹெட்டும் ஒருத்தர். அதே வருஷக் கடைசியில் இந்தியா மந்திரி ஆகி, பின்னாடி சைமன் கமிஷனை அமைச்சவரும் அவர்தான். சின்ன உலகம்.

அடுத்து 1926-ல் கிறிஸ்டபெல் இன்னொரு புத்திசாலித்தனமான வேலை பண்ணார். 1858-ல் வந்த ஒரு சட்டப்படி, ஜெஃப்ரி முறைப்படி பிறந்த மகன் என்று நீதிமன்றத்தில் தனியா ஒரு பிரகடனம் வாங்கி வெச்சுக்கிட்டார். பையனுக்கு அப்போ வயசு நாலு. இந்தக் காகிதம்தான் 50 வருஷம் கழிச்சு அவனைக் காப்பாத்தப் போவுது.

அதே 1926-ல் நாடாளுமன்றம் விவாகரத்து வழக்குகளின் விவரங்களைப் பத்திரிகைகள் வெளியிடத் தடை போட்டுச் சட்டம் கொண்டு வந்தது. படிச்சு அருவருப்பான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே இதுக்கு அழுத்தம் கொடுத்தார். வருத்தம் எல்லாம் மேட்டுக்குடி மானம் சந்தி சிரிச்சதேன்னுதான். அந்தப் பெண்ணைக் கூண்டில் நிறுத்தி நாள் கணக்கா அவள் உடம்பைப் பத்திக் குறுக்கு விசாரணை பண்ணது யாரையும் பெருசா உறுத்தின மாதிரி எனக்குத் தெரியலை.

1935-ல் நம்ம பழைய கவர்னர் காலமானார். ஜான் மூன்றாம் பாரன் ஆனார். 1937-ல் இருவரும் விவாகரத்து. ஜான் மறுபடி கல்யாணம் பண்ணார், அந்த மனைவி இறந்தார். 1948-ல் மூணாவது கல்யாணம். 1950-ல் அதில் ஒரு மகன். ஜானைப் பொறுத்தவரை அவன்தான் தன் ஒரே மகன்.

1973-ல் ஜான் இறந்தார். பட்டத்துக்கு ரெண்டு பேர் நின்னாங்க. 51 வயசு ஜெஃப்ரி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம்.

இந்த அரை நூற்றாண்டில் மருத்துவம் எங்கேயோ போயிருந்தது. 1901-ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைக் கண்டுபிடிச்சார். அவை பரம்பரையா வருதுன்னு 1910-ல் தெரிஞ்சது. எந்த விதிப்படி வருதுன்னு 1924-ல் பெர்ன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் காட்டினார், பிரபுக்கள் சபை மான்ஸ்ஃபீல்ட் விதியைத் தேடிக்கிட்டு இருந்த அதே வருஷம். 1970களில் ரத்தப் பரிசோதனையால் ‘இவர் அப்பா இல்லை’ என்று பல கேஸ்களில் சொல்ல முடிஞ்சது. ‘இவர்தான் அப்பா’ என்று சொல்ல முடியாது. அதுக்கு 1984-ல் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கணும்.

தம்பி தரப்பு ரத்தப் பரிசோதனை கேட்டது. ஜெஃப்ரி தரப்பு ஒத்துக்கலை.

உங்களுக்கு என்ன தோணுது? மறைக்கிறார்னு தோணுதா? எனக்கு முதலில் தோணினது அதுதான். ஆனா அவர் இடத்தில் நின்னு பாருங்க. நாலு வயசுல நீதிமன்றம் நீ இன்னார் மகன் என்று எழுதிக் கொடுத்திருக்கு. அந்தப் பேரோட வளர்ந்து, யுத்தத்துக்குப் போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்து, 50 வயசு தாண்டியாச்சு. இப்போ வந்து கையை நீட்டு, ஊசி போட்டுப் பார்க்கிறோம்னா?

1976 ஏப்ரலில் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு ஜெஃப்ரிக்குச் சாதகமா முடிவு சொன்னது. 1926 பிரகடனம் எல்லாரையும் கட்டுப்படுத்தும், மோசடி நடந்தால் மட்டுமே அதைக் கலைக்கலாம், மோசடிக்கு ஆதாரம் இல்லை. வில்பர்ஃபோர்ஸ் பிரபுவின் தீர்ப்பின் சாரம் இதுதான்: உண்மையைத் தேடுவது நீதிமன்றத்தின் வேலை, ஆனா தேடலுக்கு ஒரு முடிவும் வேணும்; ஒரு மனுஷனோட பிறப்பைத் திரும்பத் திரும்பத் தோண்டிக்கிட்டே இருக்க முடியாது. இன்னொரு நீதிபதி சைமன் பிரபு (இவர் வேற சைமன்) சொன்ன கருத்தை இன்னைக்கும் சட்டக் கல்லூரியில் படிக்கிறாங்க. தாய்மை பிரசவத்தால் நிரூபணமாகும் ஒரு உண்மை, தந்தைமை ஒரு ஊகம் என்பது அதன் பொருள்.

மகனுக்காக 1922-லேர்ந்து போராடின கிறிஸ்டபெல் இதைக் கேட்கலை. தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன், அந்த பிப்ரவரியில்தான் இறந்திருந்தார்.

“டாக்டர், சீமைக் கதை நமக்கெதுக்கு?” என்பவர்களுக்கு. 1872 இந்திய சாட்சியச் சட்டத்தின் 112-வது பிரிவு இதே ஆங்கிலேய ஊகத்திலிருந்து வந்தது. 2024 ஜூலையிலிருந்து புது சட்டத்தில் 116-வது பிரிவு. கல்யாணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை, அல்லது அது முடிஞ்சு தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள் பிறந்த குழந்தை, அந்தக் கணவனுடையதே. ரத்தப் பரிசோதனையைச் சும்மா சந்தேகத்துக்காகவெல்லாம் உத்தரவிடக் கூடாது என்று 1993-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதே நீதிமன்றம் 2014-ல் வேறொரு வழக்கில், டிஎன்ஏ முடிவு ஏற்கெனவே கையில் இருக்கும்போது ஊகத்தைவிட அறிவியல் உண்மைக்கே இடம் என்றும் சொன்னது. ரெண்டும் இன்னைக்கும் மோதிக்கிட்டுதான் இருக்கு.

இங்கிலாந்திலும் அப்படித்தான். 1683-ல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பிரிங்கிள் பாரனெட் பட்டம் (இது ஸ்காட்லாந்து). குடும்ப வம்சாவளி ஆராய்ச்சிக்காகப் பத்தாம் பாரனெட் டிஎன்ஏ கொடுத்தார். அதுல அவர் அப்பாவே முந்தின பாரனெட்டின் மகன் இல்லைன்னு வெளியே வந்தது. 2016-ல் பிரிவி கவுன்சில் டிஎன்ஏவை ஏத்துக்கிட்டு, பட்டத்தை வேற கிளைக்குக் கொடுத்துடுச்சு. அவங்ககிட்ட கிறிஸ்டபெல் வாங்கின மாதிரி ஒரு காகிதம் இல்லை.

இதைவிட விசித்திரம் செயற்கைக் கருத்தரிப்பு. கொடையாளரின் விந்தில் பிறந்த குழந்தைக்கு, சம்மதித்த கணவன்தான் எல்லா விதத்திலும் அப்பா என்கிறது பிரிட்டனின் 1990 சட்டம். பிரபுப் பட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. பேர் உண்டு, பாசம் உண்டு, சொத்து உண்டு, பட்டம் கிடையாது.

இத்தனையும் எழுத ஒரு காரணம் இருக்கு. ஓபியில் வருஷத்துக்கு ரெண்டு மூணு பேராவது மெதுவா, கதவைச் சாத்திட்டுக் கேட்பாங்க: “சார், எனக்கு ஏபி பாசிட்டிவ், குழந்தைக்கு ஓ பாசிட்டிவ்னு எழுதியிருக்கு. அப்படி வருமா?” பாடப் புத்தகப்படி ஏபி ஆளுக்கு ஓ குழந்தை வராது. ஆனா, முதல்ல கார்டில் எழுதினதே தப்பா இருக்கலாம். முகாமில் அவசரத்தில் பார்த்த ரத்த வகையை நம்பாதீங்க, மறுபடி பார்க்கணும். ரெண்டாவது, 1952-ல் பம்பாயில் டாக்டர் பெண்டே கண்டறிந்த பாம்பே ரத்த வகை. ஏ, பி மரபணு உள்ளே இருந்தும் பரிசோதனையில் ஓ மாதிரியே தெரியும். அபூர்வம், ஆனா உலகத்திலேயே அதிகம் நம்ம நாட்டுப் பக்கம்தான். ஒரு கார்டில் இருக்கும் ஓர் எழுத்தை வெச்சு வீட்டில் சண்டை போட்டுட்டு வராதீங்க, முதல்ல ரத்த வங்கிக்கு வாங்க.

ஜெஃப்ரி என்ன ஆனார்னு கேட்பீங்க. நாலாம் ஆம்ப்தில் பாரனா பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். துணை சபாநாயகர்களில் ஒருத்தரா இருந்தார். 1999-ல் பரம்பரைப் பிரபுக்களை எல்லாம் வெளியேத்தி 92 பேரை மட்டும் வெச்சுக்கிட்டப்போ, அந்த 92-ல் இவரும் ஒருத்தர். 2011-ல் 89 வயசில் இறந்தார். பட்டம் அவர் மகனுக்குப் போனது.